மேஜர் நொண்டியது எந்தக் காலில்

நொண்டி நடக்கும் நாய் எந்தக் காலை ஊன்றும்போது தலை குனிகிறதோ, அந்தக் கால்தான் நோகிறது என்று நான் நம்பியிருந்தேன். நன்றாக யோசித்துத்தான் நம்பினேன். நமக்குக் காலில் முள் தைத்தால் என்ன செய்கிறோம்? குனிந்து அந்தக் காலைப் பார்க்கிறோம். நாயும் உயிருள்ள ஜீவன்தானே, அதுவும் குனிந்து பார்க்கிறது என்று முடிவு கட்டினேன். இந்த அறிவை வைத்துக்கொண்டு ஜொகூரில் பல வருஷம் பங்களா நாய்க்காரனாகச் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

உண்மை நேர் எதிர். முன்னங்கால் நோகும் நாய், அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும். பாரத்தை அதிலிருந்து எடுத்துவிடப் பார்க்கும். நல்ல கால் படும்போது நிம்மதியாகத் தலையைத் தாழ்த்தும். இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். பாதியில் தூங்கிவிடுகிறவர்களுக்கு இவ்வளவே போதும், போய்ப் படுங்கள்.

மற்றத் தம்பிகளுக்குச் சொல்கிறேன். நீங்கள் இப்போதுதான் துரைமார் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். குளிப்பாட்டுவது, உண்ணி எடுப்பது, சோறு வைப்பது எல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தவறாகச் செய்தால் நாயே சொல்லிக் கொடுத்துவிடும், கையில் தழும்போடு. ஓடிவிட்டு வந்த நாய் நொண்டும்போது நம் புத்தி எங்கே ஓடுகிறது என்பதுதான் கஷ்டமான சங்கதி. அன்று என் புத்தி ஓடிய வேகத்தில் எந்த நாயும் ஓடி நான் பார்த்ததில்லை.

குளுவாங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே பெரிய துரையின் பங்களாவில் எனக்கு வேலை. துரை வளர்த்தது ஒரே ஒரு நாய், பெயர் மேஜர். வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டு விழுந்த வேட்டை நாய், கப்பலில் வந்தது. உள்ளான் குருவி சுடப் போகும்போது துரைக்கு முன்னால் போய்ப் புல்லை மோந்து காட்டும். துரை யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. மேஜரைப் புகழ்வார். அந்த நாய்க்கு நான் வணக்கம் சொல்லாத குறைதான்.

ஆனால் துரையிடம் ஒரு சட்டம் இருந்தது. கால் முறிந்த மிருகத்தை வேதனைப்பட விடக் கூடாது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன், அவருடைய மட்டக்குதிரை வாய்க்காலில் விழுந்து காலை முறித்துக்கொண்டதாம். பங்களா பட்லர் சவரிமுத்து அண்ணன் அந்தக் கதையை எனக்கு அடிக்கடி சொல்வார். "தொரை வந்தாரு. பாத்தாரு. சுட்டாரு. தொப்பியக் கழட்டுனாரு. அப்பறம் உள்ள வந்து முட்ட கேட்டாரு." முட்டை என்கிற இடத்தில் மட்டும் அவர் குரல் தாழும். முட்டை அவித்துக் கொடுத்தவர் அவர்தான்.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவரை நான் ஒரே ஒரு தரம்தான் பார்த்தேன். அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பும்போது நான் என் பெட்டியோடு உள்ளே வந்தேன். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. சாவியைக் கையில் கொடுத்தார், சங்கிலியைக் கொடுத்தார், "நாயி நொண்டுனா மொதல்ல நீ உக்காரு" என்றார். போய்விட்டார். நாய் நொண்டுவதற்கும் நான் உட்காருவதற்கும் என்ன சம்பந்தம்? சோம்பேறி மனுஷன், வேலை செய்யாமல் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் பேச்சை அன்றே மறந்தும்விட்டேன்.

இனி அந்த நாள்.

முந்தின நாள் கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு காதுகுத்து. விருந்து பலமாக இருந்தது. நான் கண் விழித்தபோது ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து, மரம் சீவி முடிந்து, மரத்தில் கட்டிய மங்கு மங்காக ரப்பர் பால் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். விடியலில் குளிர்ச்சியாக இருக்கும்போது நாயை ஓட விட்டுக் கூட்டி வர வேண்டும் என்பது துரையின் உத்தரவு. துரை குளுவாங் ஸ்டேஷனுக்குக் காரில் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை உள்ளான் சுட வரப்போகும் விருந்தாளித் துரைக்காக ஏதோ பெட்டி ரயிலில் வருகிறதாம். அவர் திரும்பி வருவதற்குள் ஒரு சுற்று ஓட்டிவிடலாம் என்று சுள்ளென்ற வெயிலில் மேஜரை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். மேஜர் ஓட்டமும் நடையுமாகப் பழகியது. நான் நடையும் மூச்சிரைப்புமாகப் பழகியவன்.

பால்மரக் காட்டுக்குள் நுழைந்ததும் ஓர் உடும்பு குறுக்கே போனது. சங்கிலி என் கையில் இருந்தது, அப்புறம் இல்லை. மேஜர் மர நிரைகளுக்கு நடுவே பறந்தது. நான் கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். போய்ப் பார்த்தால் உடும்பு மரத்தின் மேல், ஒரு வாளி தரையில் கவிழ்ந்து கிடக்கிறது, செம்மண்ணில் வெள்ளை வெளேரென்று பால், அதன் நடுவில் மேஜர் நின்று வாலை ஆட்டுகிறது. வாளிக்குச் சொந்தக்காரி அஞ்சலை, வாளி சுமக்கும் காண்டாக் கம்பைக் கையில் பிடித்தபடி நாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாய்க்காரரே, இது நாயா எருமையா?"

"தெரியாம நடந்துபோச்சு அஞ்சல. சின்னப் பிராணி, அதுக்கு என்னா தெரியும்?"

"சின்னப் பிராணியா? என் மவள விட ஒசரமா இருக்கு. ஸ்டோர்ல கணக்கு எழுதுற கிராணி, பாலு எங்கன்னு கேட்டா என்னா சொல்றது? மேஜர் கால் களுவிக்கிச்சுன்னா?"

"சொல்லிப் பாரேன்."

"சொல்லத்தான் போறேன். யார்ட்ட சொல்றதுன்னு யோசன பண்றேன்."

அவள் யோசித்து முடிப்பதற்குள் அங்கிருந்து தப்ப வேண்டும். சங்கிலியைப் பிடித்தேன், சரளைச் சாலையில் இறங்கினேன், பங்களா வரைக்கும் ஓட்டம்தான். வெயிலில் சூடேறிய சரளை. மேஜரும் சந்தோஷமாகத்தான் ஓடி வந்தது. பங்களாவின் பின்பக்கத் திட்டி வாசலில் நின்று மூச்சு வாங்கினேன். திரும்பிப் பார்த்தேன். நாய் நொண்டியது.

இடது முன்னங்கால் பட்டது, தலை தாழ்ந்தது. வலது கால் பட்டது, தலை நிமிர்ந்தது. மறுபடி இடது, மறுபடி தாழ்வு. நான் மேலே சொன்ன அறிவாளி ஆயிற்றே, இடது கால் போச்சு என்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. மண்டியிட்டு இடது காலைப் பிடித்துத் தடவினேன். கணுவுக்கு மேலே உள்பக்கத்தில் ஒரு சின்ன எலும்பு தனியாக ஆடியது. இப்படி அசைத்தால் இப்படி, அப்படி அசைத்தால் அப்படி.

தம்பிகளே, அது நாயின் பெருவிரல். தரையில் படாமல் மேலே தொங்கும் விரல், நகத்தோடு. அந்த நகத்தை நான் வாராவாரம் வெட்டிக்கொண்டிருந்தவன். அன்றைக்கு அதைப் பிறந்ததிலிருந்தே பார்த்திராதவனைப் போல, எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். வலது காலையும் தடவிப் பார்த்திருந்தால் அங்கேயும் ஒன்று ஆடியிருக்கும். ஒரு காலைத் தடவினால் மறு காலையும் தடவுங்கள். கடவுள் நாய்க்குக் கால்களை ஜோடி ஜோடியாகக் கொடுத்திருப்பது நம்மைப் போன்றவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கத்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நிஜமாக முறிந்த காலை நாய் ஊன்றாது. தூக்கிக்கொண்டு மூன்று காலில் நிற்கும், முறிந்தது தொங்கும். மேஜர் நான்கு காலையும் ஊன்றித்தான் நொண்டியது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்ததை நம்புவதற்கு அன்றைக்கு எனக்கு நேரமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் துப்பாக்கி, தொப்பி, முட்டை.

சவரிமுத்து அண்ணன் சமையலறை வாசலில் கோழி உரித்துக்கொண்டிருந்தார். நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோழியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"நல்ல நாயா இருந்துச்சு" என்றார்.

"அண்ணே, இன்னும் உயிரோட இருக்கு."

"இருக்கு, இருக்கு. தொரை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவாரு."

"ஏதாச்சும் வழி சொல்லுங்கண்ணே."

அவர் மரியாதையாக யோசித்தார். "வயித்துல குட்டி இருக்கு, ஓட முடியாதுன்னு சொல்லிருவோம். ரெண்டு மாசம் ஓடிரும்."

"ஆம்பள நாய் அண்ணே."

"தொரைக்குத் தெரியுமா?"

பேர் வைத்ததே அவர்தான் என்றேன். அது சூசா, கஷ்டம்தான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு நாய்களுக்கென்றே ஓர் அர்ச்சியசிஷ்டர், அதாவது புனிதர், இருக்கிறார், அவருக்கு நாய் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தது என்று சொல்லிச் சிலுவை போட்டார். நான் முனீஸ்வரனுக்கு ஒரு சேவல் வேண்டிக்கொண்டேன். அண்ணன் உரித்துக்கொண்டிருந்த கோழியை நான் பார்த்த பார்வையில், "இது தொரைக்கு" என்று அதைத் தள்ளி வைத்தார்.

மிருக வைத்தியர் என்று ஒருவரைத் தேடினால் ஜொகூர் பாருவுக்கு ரயில் ஏற வேண்டும். தோட்டத்தில் இருந்தது மனுஷ ஆஸ்பத்திரி, அதில் டாக்டருக்குப் பதில் ஒரு டிரெசர். கோட்டுப் பையில் எப்போதும் கடிகாரமும் சின்ன வேதப் புத்தகமும் வைத்திருப்பார். காய்ச்சலுக்குக் கொயினா, மற்ற எல்லாவற்றுக்கும் பேதி உப்பு, வெட்டுக் காயத்துக்கு அயோடின். நான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

"பெரட்டுல பேரு இருக்கிறவங்களுக்குத்தான் நான் வைத்தியம் பாக்கலாம்" என்றார்.

"ஐயா, நாயச் சுட்டுருவாங்க. அப்பறம் என்னையப் புல்லு வெட்ட அனுப்பிருவாங்க. அப்ப என் பேரு பெரட்டுல இருக்கும். அதுக்கு முன்னாடி வாங்கய்யா."

வந்தார். வந்தவர் நாயின் முன்னால் குந்தி, பழக்க தோஷத்தில், "நாக்க நீட்டு" என்றார். வெயிலில் ஓடிவந்த நாய், நாக்கு ஏற்கெனவே முழம் நீளம் வெளியேதான் இருந்தது. டிரெசருக்கு அது திருப்தியாக இருந்தது. "சொன்னதக் கேக்குது" என்றார். அப்போதிலிருந்து அவர் மேஜரை என்னைவிட மரியாதையாக நடத்தினார்.

நான் இடது காலைக் காட்டினேன். ஆடும் எலும்பைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மனுஷக் கையில் அப்படி ஓர் எலும்பு அந்த இடத்தில் ஆடினால் முறிவுதான், அவர் மேல் குற்றமில்லை. கட்டுப் போட நீளமான பலகை வேண்டும் என்றார். ஸ்டோரில் லண்டனுக்கு ரப்பர் அனுப்பும் பெட்டிகளின் உடைந்த பலகை கிடந்தது, இரண்டு துண்டு கொண்டுவந்தேன். சவரிமுத்து அண்ணன் மறுபடி சிலுவை போட்டார்.

"சிலுவ அப்பறம் போடலாம், மொதல்ல தண்ணி கொண்டு வாரும்" என்றார் டிரெசர்.

"ரெண்டையும் சேத்தே செய்வேன், ஐயா" என்றார் அண்ணன். செய்தார், பாதித் தண்ணீர் என் மேல் கொட்டியது.

கட்டுப் போட்டு முடித்தோம். இடது கால் விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தது. "நட ராசா" என்றேன். இப்போது மேஜரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நோகிற கால் வலது. நோகாத காலைப் பலகையில் வைத்துக் கட்டியாகிவிட்டது. பாவம், எந்தக் காலை நம்பும்? ஓர் அடி வைத்தது, மூக்குக் குப்புற விழுந்தது. எழுந்தது, மறுபடி விழுந்தது. எங்களை ஒருவர் ஒருவராகப் பார்த்தது.

டிரெசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மாணிக்கம், வலது காலயும் ஊன முடியலயே."

"அதுவும் போச்சாய்யா?"

"ரெண்டும்."

சவரிமுத்து அண்ணன் கோழியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரும்போது மிச்சமிருந்த பலகையை எடுத்துக்கொண்டு வந்தார். வலது காலிலும் கட்டினோம், முழங்கையிலிருந்து கணு வரைக்கும். கட்டுக்குக் கீழே பாதத்தில் கறுப்பாக, உருண்டையாக ஏதோ ஒட்டியிருந்தது. பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். டிரெசர் அதன் மேலேயே அயோடின் தடவினார். என்ன என்று யாரும் கேட்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் யார் காலில்தான் காய்ந்த பால் ஒட்டியிருக்காது? லயத்துக் குழந்தைகளின் முழங்காலில் இருக்கும், கிராணியின் சப்பாத்துக்கு அடியில் இருக்கும், துரையின் கார் மிதியில் இருக்கும். என் குதிகாலில் மண்ணும் பாலும் சேர்ந்து இன்னொரு தோலே இருந்தது. வெளியூர்க்காரன் ஒருவன் பார்த்திருந்தால் உடனே கேட்டிருப்பான். எங்கள் கண்ணுக்கு அது பாதத்தின் பாகம்.

மேஜர் இப்போது விழவில்லை. முன்னால் இரண்டு காலும் பலகையாக, சாப்பாட்டு மேஜை மாதிரி நின்றது. பலகையில் ஊர் பேர் எழுதியிருந்தது. இடது காலில் லண்டனின் முன்பாதி, வலது காலில் பின்பாதி. அதைப் படித்தும் எங்கள் மூவருக்கும் மனதில் ஏறவில்லை. அந்த நேரத்தில் கீழே சாலையில் கார் சத்தம் கேட்டது.

கார் மேடேறி வருவதற்குள் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சிரிப்பில் விட்டுப்போகும். பின்னாளில் யோங் பெங் பக்கத்தில் ஒரு பங்களாவில் இருந்தபோது, ஒரு நாய் ஓடிவிட்டு வந்து பின்னங்காலில் நொண்டியது. அன்று நான் யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பார்த்தேன். பாதத்தைத் தூக்கி விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன், அப்புறம் கீழேயிருந்து மேலே தடவிக்கொண்டே போனேன். ஒரு காலில் முழங்காலுக்குப் பக்கத்தில் சூடு, மற்றதில் இல்லை. நரம்பு பிசகியிருக்கிறது, அவ்வளவுதான். ஈரத்துணி, நிழல், ஓட்டம் கிடையாது. துரைசானி பந்தைத் தூக்கி எறிந்துகொண்டே இருந்தார்கள், அந்தப் பந்தை ஒளித்து வைத்ததுதான் நான் செய்த பெரிய வைத்தியம். சில நாளில் நாய் சரியாகிவிட்டது. சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத கதை. நம் தொழிலில் நல்ல கதைகள் எல்லாம் இப்படிச் சப்பென்றுதான் இருக்கும்.

கார் வந்து நின்றது. துரை இறங்கினார். மேஜர் அவரைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. வால் ஆடிய ஆட்டத்தில் முன்பக்கம் நிலை தவறி, மேஜை சாய்வது போல மெல்லச் சாய்ந்து என் மேல் விழுந்தது.

துரை தொப்பியைத் தலையில் வைத்தபடியே பார்த்தார். பலகையைப் படித்தார். வாழ்நாளெல்லாம் கூலித் தமிழ் பேசிப் பழகியவர்.

"மாணிக்கம். நாய் லண்டன் போகுதா?"

"இல்ல தொரை."

"பின்னே என்ன சங்கதி?"

பொய் சொல்ல நினைத்தேன். வாயில் குட்டி என்ற வார்த்தை வரைக்கும் வந்தது. மேஜர் என் கையை நக்கியது. "கால் முறிஞ்சிருச்சு தொரை" என்றேன்.

"எந்தக் கால்?"

"இடது" என்றேன் நான். "வலது" என்றார் டிரெசர். "ரெண்டும்" என்றார் சவரிமுத்து அண்ணன். மூன்றும் ஒரே நேரத்தில் வந்தன.

துரை குனிந்து மேஜரின் தலையைத் தொட்டார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல், "பட்லர், துப்பாக்கி" என்றார். அண்ணன் போனார். நடை நீண்டது. பங்களா அவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது. துப்பாக்கியோடு வந்தார், துரையின் கையில் கொடுத்தார்.

துரை தொப்பியைக் கழற்றினார்.

தொப்பியைப் பார்த்தேன். நாய்க்கும் துரைக்கும் நடுவில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். பிற்பாடு லயத்தில், மாணிக்கம் நாய்க்காகக் குறுக்கே விழுந்தான் என்று பேசிக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன், நிற்க முடியவில்லை, உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கவும் முடியவில்லை.

"எழுந்திரு" என்றார் துரை.

"முடியல தொரை."

"உனக்கும் கால் முறிஞ்சிருக்கா?"

இந்தச் சமயத்தில்தான் பின்வாசலில் ஒரு குரல் கேட்டது. "தொரை, ஒரு ஞாயம் இருக்கு." அஞ்சலை. பங்களா வாசலுக்கு லயத்து ஆள் வருவது வழக்கமில்லை. அஞ்சலைக்கு வழக்கத்தைப் பற்றிக் கவலையும் இல்லை. இடுப்பில், காய்ந்த பாலை நிறுத்துக் காசாக்கச் சேர்க்கும் கட்டிப்பால் கூடை, கையில் காலி வாளி. துப்பாக்கியைப் பார்த்தாள், அது தன் விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று விட்டுவிட்டாள்.

"ஸ்டோர்ல பாலு கொறையுதுன்னு கிராணி ஏசுறாரு. நாயி கவுத்துருச்சுன்னா நம்பல. தொரை நாயி பால்மரக் காட்டுக்கே வராதுங்கிறாரு. நாய்க்காரரக் கேளுங்க."

"அஞ்சல, இப்ப வேணாம்" என்றேன், மண்ணிலிருந்தபடியே.

"அலமாக், எப்ப வேணுமாம்? நீங்க எப்பவும் இப்ப வேணாம்னுதான் சொல்லுவீங்க." துரையின் பக்கம் திரும்பினாள். "சாட்சி இல்லன்னு நெனக்காதிங்க தொரை. அந்த நாயி கால்ல இன்னும் என் பாலு ஒட்டிக்கிட்டுதான் இருக்கும். காட்டுறேன்."

நாயின் கால் முறிந்திருப்பது அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்வதற்குள் என்னைத் தாண்டிக் குனிந்தாள். பலகையைப் பார்த்து, "இது என்னா கோலம்?" என்று மட்டும் கேட்டாள். மேஜரின் வலது பாதத்தைப் பிடித்தாள், விரலிடுக்கில் நகத்தைக் கொடுத்தாள், மரத்துக் காயத்திலிருந்து காய்ந்த பாலை உரிக்கிற அதே லாகவத்தில் ஓர் இழு இழுத்தாள். மேஜர் ஒரு தரம் வீல் என்றது. அவள் கையில் கறுப்பு உருண்டை வந்தது. கையால் பிய்த்துக் காட்டினாள். உள்ளே வெள்ளையாகப் பால், அதற்கும் உள்ளே கூரான சரளைக்கல்.

"பாத்துக்குங்க. கிராணியயும் கூப்புட்டுக் காட்டுங்க."

மேஜர் வலது பாதத்தை நக்கியது. எழுந்தது. பலகை இரண்டையும் தடதடவென்று தரையில் அடித்துக்கொண்டு, விழாமல், வளைந்து வளைந்து துரையின் காரைச் சுற்றி ஓடியது. ஒரு பலகை கழன்று தெறித்தது. இடதா வலதா என்று நான் பார்க்கவில்லை. அதற்கப்புறம் நாய் நேராகச் சமையலறைக்குள் போனது. கோழி அங்கேதான் இருந்தது. "அது தொரைக்கு" என்று அண்ணன் பின்னால் ஓடினார்.

டிரெசர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, ஆஸ்பத்திரியில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். துரை துப்பாக்கியைக் காரின் மேல் சாய்த்து வைத்தார். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்து, என் முகத்துக்கு நேரே, சற்று முன் வரை நாயின் பாதம் இருந்த இடம். நொண்டுனா மொதல்ல நீ உக்காரு. பேர் கேட்காமல் விட்ட அந்த மனுஷன் எதைச் சொன்னார் என்று அங்கேதான் விளங்கியது. உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வருவது பாதம். நின்றுகொண்டே பயந்தால் தெரிவது துப்பாக்கி மட்டும்தான்.

"அஞ்சலை பால் குறைவை எழுதாதேன்னு கிராணிக்குச் சொல்லு" என்றார் துரை. "நாயை வெயில்ல ஓட்டாதே." உள்ளே போனார். ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது.

கோழி போய்விட்டதால், முட்டை கேட்டார்.

மற்றதெல்லாம் என் பயம் சேர்த்துக்கொண்டது. நடந்தது இவ்வளவுதான்: மேஜரின் வலது முன்காலில் விரல்களுக்கு நடுவே ரப்பர் பால் காய்ந்து, அதற்குள் ஒரு சரளைக்கல் மாட்டியிருந்தது. எலும்பு எதுவும் முறியவில்லை. கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்தக் கட்டியை அஞ்சலை தன் கூடையில் போட்டு ஸ்டோருக்கு நிறுக்கக் கொண்டுபோனாள்.